நாள்பட்ட வலியும் அளவான உழைப்பும்

காலில் முள் தைத்தால் வலிக்கின்றது. உடனே நின்று முள்ளைக் களைகிறோம். அடுப்பில் கை பட்டால் சுரீரென்கிறது. எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே கையை இழுத்துக்கொள்கிறோம். இத்தகைய வலி நமக்குப் பகையன்று. உடலுக்கு நேரும் ஊறினை உடனுக்குடன் அறிவிக்கும் காவலாள் அது. புண் ஆறியதும் வலியும் நீங்கிவிடுகின்றது.

ஆனால் எல்லா வலியும் இவ்வாறு நீங்குவதில்லை. புண் ஆறிய பின்னரும், முறிந்த எலும்பு கூடிய பின்னரும், சில சமயங்களில் புண்ணென்று ஒன்றும் புலப்படாத நிலையிலும், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலியும் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அவ்வாறே மீண்டும் மீண்டும் தோன்றும் வலியையும் 'நாள்பட்ட வலி' என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாடு குறிப்பிடுகின்றது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அவ்வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில்தான் இவ்வலிக்கு முறையான தனியிடம் அளிக்கப்பட்டது. கீழ்முதுகு வலி ஒன்றினால் மட்டும் 2020இல் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் மக்கள் வருந்தினர் என்று 2023இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறுகின்றது. இவர்கள் அனைவரும் நாள்பட்ட நோயாளிகள் அல்லரெனினும், இப்பிரச்சினையின் பரப்பினை இதனால் ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்வாறு வலியுடன் வாழ்வோர் ஒவ்வொருவரும் அன்றாடம் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. இன்று எவ்வளவு வேலை செய்யலாம்? எப்பொழுது நிறுத்தலாம்? "பேசாமல் படுத்திரு" என்று சுற்றத்தார் சிலர் கூறுவர். "வலியைப் பாராட்டினால் வலி மிகும், எழுந்து வேலையைப் பார்" என்று வேறு சிலர் கூறுவர். இரண்டு புத்திமதிகளும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. எனினும், கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகளை நோக்குமிடத்து, இரண்டும் குறையுடையவை என்பது தெளிவாகின்றது.

ஓய்வு பற்றிய பழைய கொள்கை

வலிக்கு மருந்து ஓய்வே என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றிருந்தது. லண்டன் நகரின் புகழ்பெற்ற ரணவைத்தியர் ஜான் ஹில்டன் என்பார், ஓய்வின் நற்பயன்களை விளக்கி 1863இல் ஒரு நூல் வெளியிட்டார். அது பல தலைமுறை வைத்தியர்களால் போற்றிப் பயிலப்பட்டது. முறிந்த எலும்புக்கும், சீழ் வைத்த மூட்டுக்கும் அக்கொள்கை பொருந்தும். ஆனால் அது நாளடைவில் எல்லா வலிக்கும் உரிய விதியாகப் பரவிவிட்டது. முதுகு வலியென்று வந்தவர்கள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டனர்.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் இப்பழக்கத்தைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்தார். நீடித்த படுக்கையால் தசை மெலிகின்றது, மூட்டு இறுகுகின்றது, எலும்பின் சுண்ணாம்புச் சத்து குறைகின்றது, இரத்தம் உறைகின்றது, மனமும் சோர்கின்றது என்று அவர் எடுத்துக்காட்டினார். நேரடிப் பரிசோதனைகள் பின்னரே வந்தன. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய சகாக்களும் முதுகு வலியுடன் வந்த 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு 2 நாள் படுக்கை ஓய்வும், மற்றொரு சாராருக்கு 7 நாள் ஓய்வும் விதித்தனர். வலி குறைவதில் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் 2 நாள் ஓய்வு பெற்றோர் வேலைக்கு வாராத நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. 1995இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த பரிசோதனையில், படுத்திருந்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும் விட, இயன்ற அளவு அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினர்.

இவ்விரு பரிசோதனைகளும் பெரும்பாலும் புதிதாகத் தோன்றிய முதுகு வலியைப் பற்றியவை. எனினும் இவற்றால் ஏற்பட்ட கருத்து மாற்றம் பெரிது. 'இயங்குக' என்பதே வைத்தியரின் பொதுவான அறிவுரையாயிற்று. ஆனால் எவ்வளவு இயங்குவது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

மூவகை நோயாளிகள்

நாள்பட்ட வலியுடையோரின் உழைப்பு முறையை ஆராய்ந்த நிபுணர்கள் மூன்று போக்குகளைக் கண்டனர். முதற் போக்கு அச்சத்தால் ஒதுங்குவது. அசைந்தால் உள்ளே ஏதேனும் கெட்டுவிடும் என்று அஞ்சி, குனிவதையும் நடப்பதையும் தவிர்ப்பது இது. தவிர்க்கத் தவிர்க்க உடல் வலுவிழக்கின்றது. வலுவிழந்த உடல் சிறு வேலைக்கும் வலிக்கின்றது. அவ்வலி அச்சத்தை மேலும் வளர்க்கின்றது.

இரண்டாவது போக்கு இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியின் போக்கும் நகரைச் சேர்ந்த மோனிக்கா ஹாசன்பிரிங் என்ற உளவியலார் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இவ்வகையினர் பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பர். இவர்களுள் சிலர் மனச்சோர்வுடன் வலியை அடக்கி வேலை செய்வர். வேறு சிலர் உற்சாகத்துடனேயே வலியை மறந்து உழைப்பர். வெளிக்கு எவ்விதத் துன்பமும் தெரியாதாகையால், பிறர் இவர்களை நோயாளிகளென்றே கருதுவதில்லை. ஆயினும் ஓய்வின்றி ஒரே நிலையில் நின்றும் தூக்கியும் உழைப்பதனால் இவர்களுடைய தசைகளும் மூட்டுகளும் இடைவிடாத பாரத்துக்கு உள்ளாகின்றன.

மூன்றாவது போக்கு இவ்விரண்டும் மாறி மாறி வருவது. ஒரு குடும்பத் தலைவியை உதாரணமாகக் கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அவருக்கு இடுப்பு வலி. சில நாட்களாக எழுந்து நடமாட இயலாமல் இருக்கிறார். துணிகள் சேர்ந்துவிட்டன, பரண் தூசி படிந்து கிடக்கின்றது, பொங்கல் நெருங்குகின்றது. ஒரு நாள் காலை எழும்போது வலி சற்றுக் குறைவாயிருக்கின்றது. 'இன்று விட்டால் என்று செய்வது?' என்று எண்ணி, ஒட்டடை அடித்து, துணி துவைத்து, தண்ணீர் சுமந்து, மாலை வரை ஓயாமல் வேலை செய்கிறார். வலி இடையே எச்சரிக்கின்றது. 'இதோ முடிந்துவிட்டது' என்று அதனைப் புறக்கணிக்கிறார். மறுநாள் காலை அவரால் பாயைவிட்டு எழ முடிவதில்லை. மூன்று நாட்கள் படுக்கை. வேலைகள் மீண்டும் குவிகின்றன. அடுத்த 'நல்ல நாள்' வந்ததும் முன்பு நடந்ததே மீண்டும் நடக்கின்றது.

இச்சுழலில் இரு தீமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, படுத்திருக்கும் நாட்களில் உடல் வலுவிழப்பதால், அடுத்த முறை முன்னிலும் குறைந்த வேலைக்கே வலி பெருகுகின்றது. மற்றொன்று, 'வேலை செய்தால் வலி வரும்' என்ற நம்பிக்கை அனுபவத்தால் உறுதிப்படுகின்றது. மிகையாக உழைத்தவரே நாளடைவில் உழைப்புக்கு அஞ்சுபவராகிறார். எனவே, சோம்பலினால் நோயாளியானார் என்று இத்தகையோரைக் குறைகூறுவது பெரும் அநீதியாகும். பெரும்பாலும் கடமையுணர்ச்சி மிக்கவர்களே இச்சுழலில் அகப்படுகின்றனர்.

வலி மிகுவதன் காரணம்

சற்றே மிகையாக உழைத்ததற்கு இத்துணைத் தண்டனை ஏன்? இதனை அறிய நரம்பு மண்டலத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஊறு எவ்வளவோ அவ்வளவே வலி என்று முன்னாளில் கருதினர். 1965இல் கனடா நாட்டு உளவியலார் ரொனால்ட் மெல்ஸாக்கும் பிரிட்டிஷ் விஞ்ஞானி பாட்ரிக் வாலும் வேறொரு கொள்கையை வெளியிட்டனர். முதுகுத் தண்டில் ஒரு வாயில் உளது போலவும், உடலிலிருந்து வரும் செய்திகள் அவ்வாயிலில் கூட்டவோ குறைக்கவோ பட்டு மூளையை அடைவன போலவும் அவர்கள் விளக்கினர். மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளும் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லன. இக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்பார் எலிகளிடம் நடத்திய சோதனையில் மற்றோர் உண்மை வெளியாயிற்று. உடலில் ஊறு நேர்ந்த பின், முதுகுத் தண்டின் நரம்பணுக்களே கிளர்ச்சி மிகுந்த நிலையை அடைகின்றன. அதன்பின் மெல்லிய தொடுகையும் அவற்றைத் தூண்டிவிடுகின்றது. நாள்பட்ட வலியுடையோர் பலரிடம் இத்தகைய மிகையுணர்ச்சி நிலவுவதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர். திருடன் வந்தால் ஒலிக்க வேண்டிய மணி, காற்றில் கதவு அசைந்தாலும் ஒலிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். மணியோசை மெய்யே, ஆனால் ஒவ்வோர் ஓசைக்கும் திருடன் வந்தான் என்பது பொருளன்று. அதுபோலவே, வலி மிகுந்ததனால் உடலில் புதிய சிதைவு நேர்ந்தது என்று முடிவு செய்தல் ஆகாது. வலியைக் கற்பனையென்று ஒதுக்குதலும் ஆகாது.

இதனுடன் மற்றொன்றும் சேர்கின்றது. பழக்கமில்லாத வேலையைச் செய்த எவருக்கும், நோயற்றவராயினும், தசைகளில் ஒரு வலி தோன்றும். அது உடனே தோன்றாமல், 1 முதல் 3 நாட்களுக்குள் உச்சமடைந்து பின்னர் மறையும். நோயுற்றவருக்கோ ஏற்கெனவே உள்ள மிகையுணர்ச்சியால் இது பன்மடங்காகத் தோன்றுகின்றது. ஆதலின், வேலை செய்யும்போது ஏற்படும் உணர்ச்சி, நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டும் நம்பகமான அளவுகோலாவதில்லை. வலி தடுக்கும் நேரத்தில் பெரும்பாலும் அளவு கடந்தாகிவிட்டது.

ஃபோர்டைஸ் கண்ட முறை

வலியை அளவுகோலாகக் கொள்ளலாகாது எனின், எதனைக் கொள்வது? இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலார் வில்பர்ட் ஃபோர்டைஸ். 1960களிலும் 1970களிலும் அங்குள்ள நோயாளிகளை ஆராய்ந்த அவர், தம் முடிவுகளை 1976இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கவனித்தது எளிய உண்மை. நோயாளி வலிக்கும் வரை வேலை செய்கிறார். வலித்ததும் ஓய்வு கொள்கிறார். ஓய்வு இன்பம் தருவது. உறவினரின் பரிவும் மருந்தும் அப்போதே கிடைக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு முறையும் வலிக்குப் பரிசாக ஓய்வு வந்து சேருகின்றது. பரிசு பெறும் எச்செயலும் வேரூன்றும் என்பது உளவியல் விதி. நோயாளி பாசாங்கு செய்கிறார் என்பது இதன் பொருளன்று. அவர் அறியாமலே உடலும் மனமும் இப்பாடத்தைக் கற்றுவிடுகின்றன.

எனவே ஃபோர்டைஸ் வரிசையை மாற்றினார். 'வலிக்கும் வரை செய்' என்பதற்குப் பதிலாக, முன்கூட்டியே குறித்த அளவு வரை செய்யும்படி பணித்தார். அவ்வளவு முடிந்ததும், வலி இருப்பினும் இல்லாவிடினும் ஓய்வு. பாராட்டும் வேலையை முடித்தமைக்கே; முனகியதற்கு அன்று. மருந்தும் வலி வந்தபோது என்றில்லாமல் குறித்த நேரங்களில் தரப்பட்டது. இதனால் ஓய்வு, வலியின் பரிசு என்னும் நிலை மாறி, உழைப்பின் பரிசாயிற்று. இம்முறையில் அளவு இரு பக்கமும் கட்டுப்படுத்துகின்றது என்பது கருதத்தக்கது. மோசமான நாளில் அது நோயாளியை எழுப்புகின்றது. நல்ல நாளில் அதுவே அவரை நிறுத்துகின்றது.

அளவினைக் கணக்கிடும் விதம்

வலி வைத்திய நிலையங்களில் வழங்கும் ஒரு முறையை ஈண்டு விளக்குவோம். நடப்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று நாட்கள் தொடர்ந்து, வலி சற்றே மிகும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகின்றது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் 22 நிமிடம், இரண்டாம் நாள் 14, மூன்றாம் நாள் 18 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54, சராசரி 18. இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 14. இந்த 14 நிமிடமே தொடக்க அளவு. ஒரு வாரம் நாள்தோறும் 14 நிமிடம் மட்டுமே நடக்க வேண்டும். உற்சாகமாக இருக்கும் நாளில் 30 நிமிடம் நடக்கத் தோன்றும், நடக்கலாகாது. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால், ஆறு வாரங்களுக்குப் பின் 20 நிமிடமாகும். இடையில் வலி பெருகுமாயின், முற்றும் நிறுத்திவிடாமல் அளவைச் சிறிது குறைத்துச் சில நாட்கள் நின்று, மீண்டும் ஏறலாம்.

பிற வேலைகளுக்கும் இவ்விதியே. வேலையை முடிவால் அளவாமல் நேரத்தால் அளத்தல் வேண்டும். 'எல்லாத் துணியையும் துவைத்து முடிப்பேன்' என்பதற்குப் பதில் '15 நிமிடம் துவைப்பேன். பின் 5 நிமிடம் உட்காருவேன்' என்று வகுத்துக்கொள்ளலாம். 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் தண்ணீரின் எடை மட்டும் 15 கிலோ. அதனைப் பாதிக் குடமாக இருமுறை சுமந்தால், சுமக்கும் தண்ணீர் அதுவே. முதுகின் மேல் ஒரு நேரத்தில் விழும் பாரம் ஏறத்தாழப் பாதி. ஒரே நிலையில் தொடர்ந்து இருப்பதும் கூடாது. குந்தி அமர்ந்து செய்யும் வேலையும் நின்று செய்யும் வேலையும் மாறி மாறி வருமாறு அமைத்துக்கொள்வது நலம்.

கூலிக்கு உழைப்போர் நிலை

இம்முறை ஏட்டில் எளிது, வாழ்க்கையில் அரிது. நாட்கூலிக்கு நாற்று நடுபவர் அரை மணிக்கு ஒரு முறை கரையேறி அமர முடியாது. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பீடித் தொழிலாளி ஓய்வு கொள்ளும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம் குறைகின்றது. இவர்கள் மிகையாக உழைப்பது குணக்குறையாலன்று, தேவையினால். இவர்களிடம் 'அளவோடு உழையுங்கள்' என்று மட்டும் கூறி அனுப்பிவிடும் வைத்தியர் தம் கடமையில் பாதியையே செய்தவராவார். இவர்கள் கேட்க வேண்டியது அந்த வேலைக்குள்ளேயே எதனை மாற்றலாம் என்பது. சுமையைச் சிறிதாகப் பகுத்தல், வேலைகளை மாற்றி மாற்றிச் செய்தல், அமரும் இடத்தின் உயரத்தைத் திருத்துதல், ஓய்வு நேரத்தை ஒரே தடவையாகக் கொள்ளாமல் பலவாகப் பிரித்தல் ஆகியவை செலவின்றிச் செய்யத்தக்கவை. தொழில் நடத்துவோரும் இதில் ஒத்துழைத்தல் வேண்டும். மூன்று நாள் முழுதும் வராத ஊழியரைவிட, நாள்தோறும் இடையிடையே சில நிமிடம் ஓய்ந்து வேலை செய்யும் ஊழியரே இரு தரப்பினருக்கும் நன்மையானவர்.

குடும்பத்தாரின் பங்கும் சிறிதன்று. படுத்திருக்கும் நாளில் மட்டும் பரிவு காட்டி, எழுந்த நாளில் எல்லா வேலையையும் அவர் தலையிலேயே சுமத்துவது நோயை வளர்க்கும் வழியாகும். நல்ல நாளிலும் வேலையைப் பகிர்ந்துகொள்வதே உண்மையான உதவி. 'நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?' என்ற கேள்வி நோயாளியை மிகையுழைப்புக்கே தூண்டும்.

கருத வேண்டிய எச்சரிக்கைகள்

இம்முறை சர்வரோக நிவாரணி அன்று. 2012இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் நிக்கோல் ஆண்ட்ரூஸும் அவருடைய சகாக்களும் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். உழைப்பைத் தவிர்ப்போருக்கு வலியும் இயலாமையும் மிகுதி என்பது அனைத்திலும் ஒத்திருந்தது. அளவிட்டு உழைப்போருக்கு மனநலம் மேம்பட்டிருந்தது. ஆனால் வலியும் இயலாமையும் சற்று மிகுந்தே காணப்பட்டன. வலி மிகுந்தவர்களே அளவிடத் தொடங்குகின்றனரா, அளவிடுவதென்ற பெயரில் சிலர் வேலையைத் தவிர்க்கின்றனரா என்பதை இத்தகைய ஆராய்ச்சிகளால் பிரித்தறிதல் அரிது. ஆதலின், அளவு என்பது வேலையைக் குறைத்துக்கொண்டே போவதற்கான சாக்காகிவிடலாகாது. படிப்படியாக ஏறுவதே அதன் நோக்கம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென வெளியிட்ட வழிகாட்டியும், நோயாளிக்கு விளக்கமான அறிவுரை, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றை ஆதரிக்கின்றது. இடுப்புப் பட்டை அணிவதையும், உடலை இழுத்துக் கட்டும் சிகிச்சையையும், அபின் வகை மருந்துகளையும் வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளலாகாது என்று அது கூறுகின்றது.

சில நிலைகளில் இக்கட்டுரையில் கண்ட முறையைத் தாமாகவே தொடங்கலாகாது. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்டபின் தோன்றிய வலி, கால்களில் வளர்ந்துவரும் பலவீனம், உழைக்கும்போது மார்பு வலி ஆகியவை இருப்பின் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மலசலம் கட்டுக்கடங்காமல் போதலும் இருக்கை மரத்துப் போதலும் அவசரச் சிகிச்சைக்கு உரியவை. ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. உழைத்த பின் பல நாட்கள் கடுஞ்சோர்வு தோன்றும் நாள்பட்ட களைப்பு நோய் என்பது வேறு. அந்நோயாளிகளுக்கு உழைப்பைக் குறித்த விகிதத்தில் ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சி தகாது என்று 2021இல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டி அறிவுறுத்துகின்றது.

நாள்பட்ட வலியை முற்றிலும் போக்கும் மருந்து பலருக்குக் கிட்டுவதில்லை. ஆனால் வலி ஆணையிட்டபடி எழுவதும் விழுவதுமாகக் கழியும் நாட்களைச் சீராக்குதல் பெரும்பாலோர்க்கு இயலும். அதற்கு வேண்டிய சாதனங்கள் ஒரு கடிகாரமும், ஒரு குறிப்பேடும், பொறுமையுமே. மோசமான நாளில் சிறிதேனும் செய்தல் வேண்டும் என்பதைப் பலர் அறிவர். நல்ல நாளில், இன்னும் செய்யக்கூடும் என்ற நிலையிலேயே நிறுத்துதல் வேண்டும் என்பதையும் நோயாளியும் அவர் குடும்பத்தாரும் அறிந்துகொள்வாராயின், நாளைய உழைப்புக்கு உரிய வலிமை இன்றே சேமிக்கப்பட்டதாகும்.